ஒன்றுபோல் தோன்றும் பறவைகள்

உழுது நீர் பாய்ச்சிய நன்செய் வயலின் வரப்பில் நின்று நோக்குங்கள். வெண்ணிறப் பறவைகள் பல சேற்றில் மெல்ல அடியெடுத்து வைத்து இரை தேடிக்கொண்டிருக்கும். அவை யாவை என்று கேட்டால், ‘கொக்குகள்’ என்று சிறு குழந்தையும் விடை கூறும். அவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவானதும் அன்று. அக்கூட்டத்தில் நான்கு வேறு இனங்கள் கலந்திருத்தல் கூடும். மாவையும் பலாவையும் வேம்பையும் காட்டி, ‘இவை யாவை?’ என ஒருவர் வினவின், ‘மரங்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவோமா? பறவைகளிடத்து மட்டும் அவ்வாறு நிறுத்திவிடுகின்றோம். மரம் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. பறவையோ நாம் உற்று நோக்கத் தொடங்கும்போதே எழுந்து பறந்துவிடுகின்றது. அது பறப்பதற்குமுன் அதன் உடலில் எப்பகுதியை நோக்குவது, அதன் செயலில் எதனைக் கருதுவது என்று அறிந்திருத்தலே பறவைகளைப் பிரித்தறியும் கலையிற் பெரும்பகுதியாகும்.

நம் வயல்களிலும் ஏரிகளிலும் காணப்படும் வெண்கொக்குகளுள் உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, நடுக்கொக்கு, பெரிய கொக்கு என்னும் நான்கும் சிறப்பானவை. இந்நான்கின் உடலும் தூய வெண்மையானது. ஆதலால் இறகின் நிறத்தைக்கொண்டு இவற்றைப் பிரிக்க முயல்வது வீண்முயற்சி. நிறம் உதவாதவிடத்து நாம் அலகையும் காலையும் கழுத்தையும் நோக்குதல் வேண்டும்.

இவற்றுள் மிகச் சிறியது உண்ணிக்கொக்கு. இதன் நீளம் சற்றேறக்குறைய 50 சென்டிமீட்டர். இதன் அலகு மஞ்சள் நிறமானது. குட்டையும் தடிப்பும் உடையது. கீழ்த்தாடையின் அடியில் இறகுகள் முன்னோக்கி வளர்ந்திருப்பதால், கன்னம் சற்றே உப்பியதுபோலத் தோன்றும். ஏனைய கொக்குகளின் ஒயிலும் ஒடிவும் இதற்கு இல்லை. மேயும் மாடுகளின் காலடியை ஒட்டியே இது நடக்கும். மாட்டின் உடலிலுள்ள உண்ணிகளைக் கொத்தித் தின்னும் என்பதுபற்றி இதற்கு இப்பெயர் வந்தது. ஆயினும் உண்ணியைக்காட்டிலும், மாட்டின் குளம்பு பட்டுப் புல்லினின்று துள்ளியெழும் வெட்டுக்கிளியும் தவளையுமே இதற்கு மிகுதியான உணவு. மாட்டின் வேலையை எந்திரக் கலப்பை மேற்கொண்ட இந்நாளில், அதன் பின்னேயும் இக்கொக்கு அஞ்சாது நடந்து செல்கின்றது. பூச்சி எழுந்தாற் போதும். எழுப்புவது மாடாயினும் பொறியாயினும் அதற்கு ஒன்றே.

சின்னக்கொக்கு இதனினும் சற்று உயரமானது. மெலிந்த உடலும் நீண்ட கழுத்தும் உடையது. இதன் அலகு ஊசிபோற் கூரியது. ஆண்டு முழுதும் கருமையானது. கால்களும் கரியவை, ஆனால், பாதங்கள் மட்டும் மஞ்சள் நிறமுடையவை. கறுப்புக் காலுக்கு மஞ்சள் காலுறை அணிவித்தாற்போன்ற இத்தோற்றம் இதனை ஐயமின்றிக் காட்டிக்கொடுக்கும். ஆனால், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொக்கு சேற்றில் நிற்கும்போது பாதம் புலப்படாது. அப்பொழுது அவசரப்படாமல் சிறிது நேரம் காத்திருத்தல் நலம். சின்னக்கொக்கு நீருக்குள் ஒரு காலை நீட்டிச் சேற்றை நடுக்கிக் கலக்கும். கலங்கிய சேற்றினின்று மீன்குஞ்சுகள் வெருண்டு வெளிப்பட, அவற்றைச் சடக்கெனக் கவ்வும். அடுத்த அடிக்காகப் பாதத்தைத் தூக்கும்போது மஞ்சள் நிறம் பளிச்சிடும். அது பறந்து செல்லும்போதும் உடலுக்குப் பின்னே நீண்ட கால்களின் முனையில் அம்மஞ்சளைக் காணலாம்.

உண்மையான இக்கட்டு நடுக்கொக்கையும் பெரிய கொக்கையும் பிரிப்பதில்தான் நேர்கின்றது. இவ்விரண்டின் கால்களும் பாதங்களும் கருமையானவை. இரண்டின் அலகும், கூடு கட்டாத காலத்தில், மஞ்சள் நிறமானது. பெரிய கொக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளமும், நடுக்கொக்கு அதனினும் ஒரு சாண் குறைந்த நீளமும் உடையவை. இரண்டும் அருகருகே நின்றால் குழப்பம் இல்லை. ஏரியின் நடுவில் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அஃது எது என்று துணிவது எங்ஙனம்? இங்கே இரண்டு குறிகள் நமக்குத் துணைபுரியும். முதலாவது, வாயின் பிளவு. அலகின் அடியினின்று முகத்தின்மேற் செல்லும் மெல்லிய கோடு நடுக்கொக்கில் கண்ணுக்கு நேர் கீழே முடிந்துவிடும். பெரிய கொக்கில் அக்கோடு கண்ணையும் கடந்து பின்னே செல்லும். இரண்டாவது, கழுத்து. பெரிய கொக்கின் கழுத்து அதன் உடலைக்காட்டிலும் நீண்டது. அதன் இடையே முறிந்து ஒட்டியதுபோன்ற கூரிய கோணல் ஒன்று காணப்படும். நடுக்கொக்கின் கழுத்து வளைந்திருப்பினும் அத்துணைக் கோணலாகத் தோன்றாது, தலையும் சற்று உருண்டையானது, அலகும் குட்டையானது. இவ்விரு குறிகளுள், தொலைநோக்குக் கண்ணாடி கைவசம் இருப்பின், முதலாவதே உறுதியானது. கண்ணாடி இல்லாதவர் கழுத்தையே நம்பவேண்டும்.

இத்துடன் மடையானையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். குருட்டுக்கொக்கு என்று சிற்றூர்களில் வழங்கப்படும் இப்பறவை, குளக்கரையில் அசையாது நிற்கும்போது மண்ணின் நிறமும் கோரையின் நிறமும் கலந்ததுபோல் இருக்கும். கண் குருடு என்று எண்ணும் அளவிற்கு நெருங்கிவரும்வரை அது பேசாது நிற்கும். திடீரென எழுந்து பறந்தாலோ, அதன் சிறகுகள் முழுவதும் பால்போல் வெளுத்திருக்கும். பறக்கும்போது மட்டும் பார்த்தவர் அதனை வெண்கொக்கு என்பர். நிற்கும்போது மட்டும் பார்த்தவர் பழுப்புக்கொக்கு என்பர். இருவரும் ஒரே பறவையைப்பற்றியே பேசுகின்றனர்!

இனி, நாம் அரிதிற் கற்ற இக்குறிகளும் காலத்தால் மாறும் என்பதை அறிதல் வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்னும் ஊரின் ஏரியில், வடகிழக்குப் பருவமழை பெய்து நீர் நிறைந்தபின் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவ்வூரார் வழிவழியாக அப்பறவைகளைக் காத்து வருகின்றனர்; அவர்தம் உரிமையை 1798ஆம் ஆண்டிலேயே அக்கால ஆட்சித் தலைவர் எழுத்து வடிவில் ஏற்றுக்கொண்டார். கோடையில் வயலிலே பார்த்து, ‘நடுக்கொக்கின் அலகு மஞ்சள்’ என்று மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர் மார்கழியில் அங்குச் சென்றால் திகைப்பார். கூடு கட்டும் காலத்தில் நடுக்கொக்கிற்கும் பெரிய கொக்கிற்கும் அலகு கறுத்துவிடுகின்றது. முதுகினின்று மெல்லிழைகள் போன்ற இறகுகள் தொங்குகின்றன. சின்னக்கொக்கிற்குப் பிடரியில் இரண்டு நீண்ட இறகுகள் முளைக்கின்றன. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் முதுகும் பொன்னிறம் பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. அதனைமட்டும் அப்பருவத்தில் தொலைவிலிருந்தே அறியலாம். ஏனையவற்றை அலகின் நிறத்தால் அறிய முயல்வோர் கறுப்பு அலகுடைய அனைத்தையும் சின்னக்கொக்கு என்றே எழுதிவிடுவர். ஆனால், வாய்ப்பிளவு எந்தப் பருவத்திலும் இடம் மாறுவதில்லை. கழுத்தின் கோணலும் நிமிர்வதில்லை. சின்னக்கொக்கின் பாதமும் பிற கொக்குகளின் பாதம்போல் கறுப்பதில்லை. நிறம் மாறும், உறுப்பின் அமைப்பு மாறாது. பறவைகளைக் கூர்ந்து நோக்கிப் பழகியோர் நிறத்தை நோக்குமுன் வடிவத்தை நோக்குவதன் காரணம் இதுவே.

அளவும் நம்மை ஏமாற்றும். ஒளி மிகுந்த வானத்தின் எதிரே நிற்கும் பறவை சிறுத்துத் தோன்றும். மூடுபனியில் நிற்பது பெருத்துத் தோன்றும். குளிர்காலக் காலையில் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவைக்கும், நண்பகலில் இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அதே பறவைக்கும் உள்ள வேறுபாடு வியப்பளிக்கும். ஆதலின் ‘பெரிது’, ‘சிறிது’ என்று வாளா கூறுதலாற் பயனில்லை. நன்கறிந்த ஒரு பறவையோடு ஒப்பிட்டுக் கூறவேண்டும். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து என்னும் நான்கையும் அளவுகோலாகக் கொண்டால், ‘மைனாவினும் பெரிது, காக்கையினும் சிறிது’ என்று சொல்லிவிடலாம். இவ்வளவு சொன்னாலே பாதி இனங்கள் விலகிவிடும்.

வானத்தில் வட்டமிடும் பருந்துகளைக் காண்போம். நகரங்களில் குப்பை மேடுகளின்மேலும் சந்தைகளின்மேலும் சுற்றுவது கரும்பருந்து. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் மீன்பிடி துறைகளிலும் பறப்பது செம்பருந்து; கருடன் என்று கண்டு கைகூப்பப்படுவது அதுவே. வெண்மையான தலையும் மார்பும், செங்கல் நிறச் சிறகும் உடைய முதிர்ந்த செம்பருந்தை அறியாதார் இலர். ஆனால், அதன் இளம் பறவைக்கு வெண்தலையும் இல்லை, செந்நிறமும் இல்லை. உடல் முழுதும் பழுப்பு நிறமே. அதனைப் பலர் கரும்பருந்து என்றே கருதிவிடுவர். இவ்விரண்டையும் பிரிப்பது வால். கரும்பருந்தின் வால் நடுவே பிளந்து மீன்வால்போல் இருக்கும். செம்பருந்தின் வால் விளிம்பு விசிறிபோல் வளைந்து உருண்டிருக்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கரும்பருந்து காற்றில் திரும்புவதற்காக வாலை அகல விரிக்கும்போது, பிளவு மறைந்து விளிம்பு நேர்க்கோடாகிவிடும். அந்த ஒரு கணத்தில் பார்த்து முடிவு செய்தவர் தவறுவர். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், வால் சுருங்கும், பிளவும் வெளிப்படும். கழுத்து வலிக்கும், அவ்வளவே.

காக்கையிலும் இரண்டு உண்டு. கழுத்து சாம்பல் நிறமாயின் அது வீட்டுக்காக்கை. உடல் முழுதும் கரிபோற் கறுத்து, அலகும் தடித்திருப்பின் அண்டங்காக்கை. இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

சில பறவைகள் உறவு சிறிதும் இன்றியே ஒன்றுபோல் இருக்கின்றன. தகைவிலானும் உழவாரனும் அத்தகையவை. இரண்டும் நாள் முழுதும் வானிற் பறந்தவாறே பூச்சிகளைப் பிடித்து உண்பவை. அத்தொழிலுக்கேற்ப இரண்டும் நீண்ட கூரிய சிறகுகளையும் அகன்ற வாயையும் பெற்றுள்ளன. ஆயினும் தகைவிலான் மைனா, சிட்டு முதலியவற்றின் பெரும் பிரிவைச் சார்ந்தது. உழவாரனுக்கு நெருங்கிய சுற்றம் அமெரிக்கக் கண்டங்களில் பூவின்முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டேயாகும். ஒரே தொழில் இருவேறு குடியினரை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவந்துவிட்டது. இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. மின்கம்பியின்மேல் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான்கள். உழவாரன் கம்பியில் அமரவே அமராது. அதன் சிறு கால்கள் சுவரையோ பனையோலையையோ பற்றித் தொங்குவதற்கே ஏற்றவை. பறக்கும்போது உழவாரனின் சிறகுகள் அரிவாள்போல் விறைத்து வளைந்திருக்கும். தகைவிலானின் சிறகடிப்பு மென்மையானது.

கண்ணால் முடியாததைச் செவி முடித்துத் தருவதும் உண்டு. இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரிற் சமய குருவாக வாழ்ந்த கில்பர்ட் வைட் என்பார் இதற்குச் சான்று. அந்நாட்டு மரங்களில் இலைகளினிடையே பூச்சி தேடித் திரியும் பசுமஞ்சள் நிறச் சிறு குருவிகளை அக்காலத்தார் ஒரே பெயரால் வழங்கினர். வைட் தம் ஊர்த் தோப்புகளில் நாள்தோறும் நடந்து, அவற்றின் பாடலைக் கூர்ந்து கேட்டார். மூவகைப் பாடல்கள் கேட்டன. ஒன்று இரண்டே சுரங்களை மாறி மாறி ஒலித்தது. ஒன்று இறங்குமுகமாக இனிமையாக முடிந்தது. மற்றொன்று உயர்ந்த மரங்களின் உச்சியிலிருந்து நடுங்கும் குரலில் ஒலித்தது. பாடல் மூன்றாயின் பறவையும் மூன்றாதல் வேண்டும் என்று கருதிய அவர், உடலையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1768ஆம் ஆண்டில் தம் நண்பர்க்கு எழுதிய கடிதத்தில் அவை மூன்று தனி இனங்கள் என்பதை உறுதியாகத் தெரிவித்தார். அவருடைய கடிதங்கள் 1789இல் நூலாக வெளிவந்தன. அவரிடம் தொலைநோக்குக் கண்ணாடி இல்லை. பறவைப் படங்கள் நிறைந்த கைந்நூலும் இல்லை. பொறுமை இருந்தது.

அக்குருவிகளின் சுற்றத்தாராகிய இலைக்கதிர்க்குருவிகள் நம் நாட்டிற்கும் வருகின்றன. இமயத்திலும் அதற்கு வடக்கிலும் கோடையைக் கழித்து, குளிர்காலத்தில் தெற்கே வந்து நம் தோட்டங்களிலும் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் தங்குகின்றன. அவற்றுள் சில, கையிற் பிடித்துப் பார்த்தாலும் ஐயம் நீங்காத அளவிற்கு ஒத்திருப்பவை. இலைகளுக்குள் மறைந்து அவை எழுப்பும் சிற்றொலி மட்டும் இனத்திற்கு இனம் வேறுபடுகின்றது. அவ்வொலியைப் பழகியவர் கண்ணை மூடிக்கொண்டே எண்ணிவிடுவர்.

முற்காலத்தில் பறவைநூலார் இத்துணைத் தொல்லைப்படவில்லை. ஐயம் தோன்றினால் துப்பாக்கியை எடுத்தனர். சுட்டு வீழ்த்திய பறவையின் தோலை உரித்துப் பஞ்சடைத்து, பெட்டியிலுள்ள பிறவற்றோடு ஒப்பிட்டுப் பெயர் கூறினர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைநோக்குக் கண்ணாடிகள் செம்மையுற்றபின், கொல்லாமலே இனங்காண முடியும் என்று சிலர் வாதிட்டனர். அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்னும் ஓவியர் 1934இல் வெளியிட்ட சிறு நூல் அவ்வாதத்திற்கு வெற்றி தேடித்தந்தது. ஒத்த தோற்றமுடைய பறவைகளை ஒரே பக்கத்தில் ஒரே நிலையில் வரைந்து, ஒன்றை மற்றொன்றினின்று பிரிக்கும் குறியைச் சிறு கோட்டால் சுட்டிக் காட்டினார் அவர். நம் நாட்டுப் பறவைகளுக்குச் சாலிம் அலி எழுதிய நூல் 1941இல் வெளிவந்து, பறவை நோக்கும் வழக்கத்தை இங்கே பரப்பியது.

நூல்கள் பெருந்துணையே. ஆனால், பறவை கண்முன் நிற்கும்போது நூலைப் புரட்டுதல் கூடாது என்பது அனுபவமுடையோர் கூறும் அறிவுரை. படத்தைப் பார்த்தபின் பறவையைப் பார்க்கும் கண், படத்தில் உள்ளதையே பறவையிலும் காணத் தொடங்கிவிடும். பறவை நிற்கும்வரை பறவையையே நோக்குக. அது பறந்தபின், நினைவு மங்குமுன், குறிப்பேட்டில் எழுதுக: அளவு, அலகின் வடிவும் நீளமும், காலின் நிறம், வாலின் வடிவம், குரல், நின்ற இடம், செய்த செயல், நாள், பொழுது, வெயில் எத்திசையிலிருந்து அடித்தது என்பது. காணாததை எழுதற்க. கால் தெரியவில்லையாயின், ‘கால் தெரியவில்லை’ என்றே எழுதுக. அதன்பின் நூலைத் திறக்கலாம். அப்பொழுதும் ஐயம் தீரவில்லையா? ‘வெண்கொக்கு, இனம் தெரியவில்லை’ என்று எழுதி விடுதல் இழுக்கன்று. ஊகித்து எழுதிய பெயரைக்காட்டிலும் அது பன்மடங்கு பயனுடையது.

‘நடுக்கொக்கைப் பெரிய கொக்கு என்று எழுதிவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா?’ என்று மாணவர் சிலர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. 1987ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி ஆசிய நாடுகளின் ஏரிகளில் நீர்ப்பறவைகளை எண்ணுகின்றனர். பொங்கல் விழா நாட்களில் தமிழ்நாட்டுப் பறவைகளைப் பொதுமக்களும் மாணவரும் எண்ணும் வழக்கம் 2015இல் தோன்றியது. ஓர் ஏரியில் இவ்வாண்டு இருநூறு கொக்குகள், பத்தாண்டு கழித்தும் இருநூறு கொக்குகள் என்று கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏரி நலமாக உள்ளது என்று எண்ணுவோம். ஆனால், முன்பு இருந்தவை ஆழமான நீரில் மீன் பிடிக்கும் பெரிய கொக்குகள். இப்பொழுது இருப்பவை வறண்ட கரையில் வெட்டுக்கிளி பொறுக்கும் உண்ணிக்கொக்குகள் எனின்? ஏரியின் நீர் வற்றியதும் மீன் அற்றதும் அக்கணக்கில் மறைந்துவிட்டன அன்றோ? ‘கொக்கு’ என்னும் ஒரே சொல் அவ்வளவையும் மூடிவிட்டது.

ஒத்த தோற்றத்தால் ஓர் இனமே உலகின் கண்ணினின்று மறைந்துபோன வரலாறும் உண்டு. நம் ஊர்களில் பாழடைந்த கட்டடங்களிலும் முதிய மரப்பொந்துகளிலும் வாழும் புள்ளி ஆந்தையை நீங்கள் கண்டிருப்பீர்கள். மைனா அளவே உள்ள அச்சிற்றாந்தை, மாலையில் பொந்தின் வாயிலில் வந்து நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மை உறுத்துப் பார்க்கும். அதன் தலை முழுதும் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். 1872ஆம் ஆண்டில் நடுவிந்தியாவின் கீழ்ப்பகுதிக் காட்டில், ஏறத்தாழ இதேபோன்ற ஆந்தை ஒன்றைப் புளூயிட் என்னும் ஆங்கிலேயர் சுட்டார். அதனை ஆராய்ந்து, அது தனி இனம் என்று அடுத்த ஆண்டில் வெளியிட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசியக் காங்கிரசு தோன்ற முன்னின்றவர் என்று வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே ஹியூம்தான் அவர். பறவைநூலிலும் அவர் பேரறிஞர். அப்புதிய ஆந்தையைக் காட்டுச் சிற்றாந்தை என்று வழங்குவோம். பின்னர் மகாராட்டிரத்தின் காந்தேசப் பகுதியில் டேவிட்சன் என்னும் அலுவலர் சிலவற்றைச் சுட்டுச் சேர்த்தார். 1884ஆம் ஆண்டிற்குப்பின் அவ்வாந்தையைக் கண்டவர் இலர். உலகின் காட்சிச்சாலைகளில் ஏழே ஏழு பஞ்சடைத்த உடல்கள் எஞ்சின.

கண்டதாகச் சிலர் கூறாமல் இல்லை. அவர்கள் கண்டவை புள்ளி ஆந்தைகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நிலைமையை இன்னும் சிக்கலாக்கியவர் ரிச்சர்டு மைனர்ட்சகன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். 1914ஆம் ஆண்டில் குசராத்தின் மாண்ட்வி என்னும் ஊருக்கு அருகில் தாம் சுட்டது என்று ஓர் உடலை அவர் தம் தொகுப்பில் வைத்திருந்தார். அச்சீட்டை நம்பியோர் அவ்வூரையே அவ்வாந்தையின் கடைசி இருப்பிடமாகக் கருதினர்.

பமீலா ராஸ்முசன் என்னும் அமெரிக்கப் பறவைநூல் அறிஞர், காட்டிற்குச் செல்லுமுன் காட்சிச்சாலைகளுக்குச் சென்றார். ஏழு உடல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே அடைத்த பஞ்சையும் இட்ட தையலையும் ஆராய்ந்தார். மைனர்ட்சகனின் ஆந்தை, முப்பது ஆண்டுகள் முன்னர் டேவிட்சன் பதப்படுத்தியது என்பதும், அருங்காட்சியகத்தினின்று களவாடப்பட்டுப் புதுத் தையலும் பொய்ச் சீட்டும் இடப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. ஆகவே அவர் மாண்ட்வியை விட்டொழித்து, உண்மையான சீட்டுகள் காட்டிய இடங்களுக்கே சென்றார். பென் கிங், டேவிட் அபாட் என்னும் இருவர் உடன்சென்றனர்.

1997ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள் காலையில், காந்தேசத்தில் ஷகாதா என்னும் ஊருக்கு அருகே, சாத்புரா மலையின் அடிவாரத்தில், இலையுதிர்ந்த மரம் ஒன்றில் ஒரு சிற்றாந்தை பட்டப்பகலில் வெயிலிலே அமர்ந்திருந்தது. பிறர் பார்த்திருந்தால் புள்ளி ஆந்தை என்று கடந்துபோயிருப்பர். அம்மூவர்க்கோ எதனை நோக்குவது என்று தெரிந்திருந்தது. தலையில் வெண்புள்ளிகள் இல்லை என்று சொல்லும் அளவிற்கு மங்கியிருந்தன. மார்பின் மேற்பகுதி ஒரே பழுப்புப் பட்டை. வயிறு தூய வெண்மை. சிறகிலும் வாலிலும் அகன்ற வெண்பட்டைகள். தலையும் அலகும் உடலுக்குச் சற்றுப் பெரியவை. கால்களில் வெண்ணிற இறகு அடர்ந்திருந்தது. 113 ஆண்டுகள் அற்றுப்போனதாக எண்ணப்பட்ட இனம் கண்முன் இருந்தது. நிழற்படம் எடுக்கும்வரை அது பறந்துபோகவும் இல்லை.

அடையாளம் தெரிந்தபின் தேடுவோர்க்குக் கண் திறந்தது. மத்தியப்பிரதேசக் காடுகளிலும், மகாராட்டிரத்தில் மேல்காட் காட்டிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2014இல் மும்பை நகரத்திற்கு வடக்கே, தொலைவின்றி அமைந்த தான்சா காட்டிலும், அதன்பின் குசராத்தின் டாங் காட்டிலும் அதனைக் கண்டனர். அவ்விடங்களில் அது புதிதாக வந்து குடியேறியதாகக் கருத இடமில்லை. அதுவரை அதனைப் பார்த்தவர்கள் வேறு பெயரால் எழுதியிருக்கக்கூடும். 2018இல் உலகப் பட்டியலில் அதன் நிலை ‘மிகமிக அருகியது’ என்பதினின்று ஒருபடி தளர்த்தி, ‘அருகியது’ என மாற்றப்பட்டது. அஃது உறையும் தேக்குக் காடுகளில் முதிய மரங்களை வெட்டுதலும் தீ வைத்தலும் இன்னும் நின்றபாடில்லை. ஆனால், எந்தக் காட்டைக் காக்கவேண்டும் என்பது இப்பொழுது தெரியும்.